இலங்கைத்துறையில் உன் மாமா சொன்னது

மகன்,

நாலைந்து நாளுக்கு முன்பு ஒரு பின்னேரம் நீ போன் எடுத்தபோது நான் குசினியில் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். நியமனக் கடிதம் வந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை கொழும்பில் பொறுப்பெடுக்க வேண்டும், அமைச்சின் காலநிலை மாற்ற ஒருங்கிணைப்புப் பிரிவில் உதவிப் பணிப்பாளர் என்றாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற வயிறு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. "பிரிவுக்குப் பொறுப்பான பணிப்பாளர் நாயகம் உங்களை நல்லா ஞாபகம் வைச்சிருக்கிறார் அம்மா," என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். "நேர்முகத்தில என்ர ஊரைப் பார்த்திட்டு, திருகோணமலைக் கச்சேரியில இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவின்ர மகனோ எண்டு கேட்டவர். அவவைப் போல ஒருத்தரை நான் காணேல்லை, அவ இருந்தா கூட்டம் சண்டையில்லாம முடியும் எண்டவர். நல்ல மனுசன் அம்மா." மீன் கருகுது என்று சொல்லிப் போனை வைத்தேன். மீன் இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை.

அந்த நல்ல மனுசனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை நீ வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது உடுப்புகளுக்கு மேலே இது இருக்கும். இதற்குக் கீழே நீல மட்டை போட்ட ஒரு கொப்பியும் இருக்கும். வாயால் சொல்ல எனக்கு ஏலாது. சொல்லத் தொடங்கினால் கத்துவேன், நீ "அம்மா, பிரஷர் ஏறப்போகுது" என்பாய், உன் அப்பா தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போவார், கதை அங்கேயே முடிந்துவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. புது வேலைக்குப் போகிற பிள்ளைக்குத் தாய்மார் திருநீறு பூசி அனுப்புவார்கள். நானும் பூசுவேன். ஆனால் அதோடு ஒரு பழியையும் உன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அந்த மனிதனை நான் பழிவாங்க வேண்டும். எனக்காக அதை நீதான் வாங்கித்தர வேண்டும்.

குணம் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய். மாமாவுக்குத் தொழில் கூட, நேரமில்லை என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். அது பொய். என் கூடப்பிறந்த ஒரே தம்பி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். காரணம் நான். காரணம் அந்த மனிதனும்தான். அவர் அப்போது பணிப்பாளர் நாயகம் அல்ல, கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஏறி மாவட்டங்களுக்கு வந்து கூட்டம் வைக்கும் ஒரு உதவிப் பணிப்பாளர். நாளைக்கு நீ உட்காரப்போகிற அதே கதிரையில் இருந்தவர் என்று வைத்துக்கொள்.

நீ எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம். யுத்தம் முடிந்து இலங்கைத்துறைச் சனங்கள் ஊருக்குத் திரும்பி, மாமாவும் புதுத் தோணி வாங்கி, முகத்துவாரத்துக்குத் தெற்கே கரைவலை இழுக்கத் தொடங்கியிருந்தான். கரையில் எந்தத் துண்டில் யார் வலை இழுப்பது என்று ஊர் பிரித்துக் கொடுத்திருக்கும். அந்தத் துண்டைப் பாடு என்பார்கள். மாமாவின் பாட்டில் பள்ளி விடுமுறைக்கு நீயும் போய்க் கயிறு பிடித்திருக்கிறாய், உள்ளங்கை தோல் உரிந்து வந்தும் அழவில்லை. அந்தக் கரையைத்தான் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. முகத்துவாரத்துக்கு வடக்கே வீதியையும் அரித்தது. காலநிலைத் திட்டம் ஒன்று வந்தது. கடலோரத்துக்குக் கல் போடப்போகிறார்கள், அதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் என்னையும் வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம். சுவரில் பனர், மேசையில் பூச்செண்டு, வாசலில் வரவுப் பதிவேடு. கையெழுத்து வைத்தவர்களுக்கு மூதூரிலிருந்து வந்த சோத்துப் பார்சல். வான் பிந்தி வந்ததால் சனங்கள் இரண்டு மணித்தியாலம் காய்ந்துபோய் இருந்தார்கள். அந்த மனிதன் குளிர்ச்சியாக வந்து இறங்கி, மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படங்கள் காட்டிச் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். பூமி சூடாகிறது, கடல் உயர்கிறது, வடக்கே வீதி ஓரமாகக் கல்லணை போடுகிறோம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்றார். உன் மாமா எழும்பினான். முதலில் என்னைப் பார்த்துத்தான் ஏதோ சொன்னான், அதைப் பிறகு சொல்கிறேன். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான்:

"ஐயா, வாடைக் காத்துக்கு எங்கட கரைக்கு மண் வடக்கால இருந்துதான் வாறது. வடக்கில கல்லைப் போட்டீங்களெண்டா மண் அங்கேயே நிண்டிடும், தெற்கில எங்கட கரைய கடல் திண்டுபோடும். ஒரு மாரிக்கு மேல தாங்காது. வீதிய காப்பாத்திறதுக்கு எங்களக் கொல்லப் போறீங்களோ? இதுக்கு நாங்க ஒருக்காலும் சம்மதிக்க மாட்டம். போட வந்தா லொறிக்கு முன்னால நான் படுப்பன். எழுதிக்கொண்டு போங்கோ."

இதை நான் சிங்களத்தில் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "கடற்றொழிலாளர்கள் திட்டத்தை வரவேற்கிறார்கள். மண் நகர்வு பற்றிச் சில கவலைகள் உண்டு, அதையும் கவனத்தில் எடுக்குமாறு பணிவுடன் கேட்கிறார்கள்." அவ்வளவுதான். மண்டபத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்ற வான் சாரதி விறுக்கென்று நிமிர்ந்தார். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள மனிதர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கூட்டம் முடிந்து வானில் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: "மிஸ், அந்தத் தம்பி அப்பிடிச் சொல்லல்லத்தானே?" நான் கேட்காதவள் மாதிரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். நானும் என்னையே போட்டுத் துளைத்துப் பார்த்துவிட்டேன். யுத்த காலம் முழுக்க நான் செய்த வேலை அதுதான் மகன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறிப்பார்கள். மீனோடு நிற்கிற ஒருவன், ஐஸ் கரைகிற கோபத்தில், வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். சிங்களம் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டு என்ன சொல்கிறான் என்று கேட்பார்கள். "ஐயாவுக்கு வணக்கம் சொல்கிறான், மீன் பழுதாகப் போகுதாம், தயவு பண்ணி விடட்டாம்" என்பேன். அவன் உயிரோடு வீட்டுக்குப் போவான். இப்படி எத்தனை பேரின் கோபத்தை நான் பணிவாக மாற்றி அனுப்பியிருப்பேன். சனங்கள் என்னைக் கும்பிட்டார்கள். என் நாக்கு அதற்கே பழகிப்போய்விட்டது. யுத்தம் முடிந்தது என் நாக்குக்குத் தெரியவில்லை. தம்பி லொறிக்கு முன்னால் படுப்பேன் என்றதும், அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவன் சொன்னதை அழித்தேன். இந்த மாவட்டத்தில் இருந்தவளுக்குத்தான் இப்படி ஒரு பிழை விட வரும்.

என் பிழையை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. முகம் சிவந்து, கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க ஒரு மனிதன் கத்துகிறான். மண்டபம் முழுக்கக் கை தட்டுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பு "வரவேற்கிறார்கள்" என்று வந்தால், மூளை உள்ளவன் திரும்பக் கேட்க மாட்டானா? அவர் கேட்கவில்லை. புன்னகைத்தார். "சரியாச் சொன்னீங்க மிஸ், இப்பிடிச் சுருக்கமாச் சொன்னாப் போதும்," என்று சிங்களத்தில் சொல்லிக் கொப்பியை மூடினார். அவருக்குத் தேவையாக இருந்ததை நான் கொடுத்தேன். அவர் அதைத் தெரிந்துகொண்டே எடுத்துக்கொண்டார். அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை, சாகும்வரை மன்னிக்கப்போவதும் இல்லை.

அது அங்கேயே முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சில மாதம் கழித்துத் திட்ட அறிக்கை சிங்களத்தில் கச்சேரிக்கு வந்தது, தமிழில் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பச் சொல்லி. யாரிடம் வரும்? என் மேசைக்குத்தான். வாசித்துக்கொண்டு போகிறேன், என் வசனம் எனக்கு முன்னால் நிற்கிறது. "சில கவலைகள்" என்ற துண்டைக்கூட வெட்டிவிட்டார்கள். "இலங்கைத்துறை மக்கள் திட்டத்தை வரவேற்று முழுச் சம்மதம் தெரிவித்தனர்." ஆதாரமாகப் பின்னிணைப்பு: வரவுப் பதிவேடு. சோத்துப் பார்சலுக்கு வைத்த கையெழுத்துகள், முதலாவது உன் மாமாவுடையது. அந்தத் தரம் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நேர்மையாக, எழுத்துக்கு எழுத்துத் தமிழாக்கினேன். எந்த நேரத்தில் நேர்மை வந்தது பார் எனக்கு. அறிக்கை ஊருக்குப் போன மூன்றாம் நாள் குணம் பஸ் ஏறி வந்து நம் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "நான் இப்பிடியோ சொன்னனான் அக்கா?" என்று கேட்டான். "சொல்லுங்கோ. நான் இப்பிடியோ சொன்னனான்?" செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு சரி.

கல் வந்தது. லொறிக்கு முன்னால் படுக்கப் போனவனிடம் அவனுடைய கையெழுத்தையே காட்டினார்கள். இரண்டு மாரி தாங்கியது, அவன் சொன்னதைவிட ஒன்று கூட. பிறகு பாடு போனது, வலை வைக்கிற வாடி போனது, கிணறு உப்பாகியது, மாமி மஞ்சள் நட்ட வளவு அலைக்குள் போனது. வடக்கே வீதி நன்றாக இருக்கிறது, நீயும் அதில் மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறாய். மாமா தோணியை விற்றுவிட்டு உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் காவலாளியாகப் போனான். யாரோ ஒருவரின் கடற்கரையை நீலச் சட்டை போட்டுக் காவல் காக்கிறான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அதே ஹோட்டலில் ஒரு செயலமர்வு. தலைப்பு, "கரையோர மக்களின் குரலைத் தேசியக் கொள்கையில் இணைத்தல்." சிரிக்காதே, அப்படித்தான் பனரில் இருந்தது. அந்த மனிதனும் நானும் ஒரே வாகனத்தில் போனோம். கேற்றைத் திறந்தது குணம். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. "குட் மோர்னிங் சேர்," என்றான். என்னைப் பார்த்தான். "குட் மோர்னிங் மேடம்," என்றான். பல வருடத்துக்குப் பிறகு என் தம்பி என்னோடு கதைத்த ஒரே வார்த்தை. அந்த மனிதன் தலையை ஆட்டிவிட்டு, "இங்க சேவை நல்லம்," என்றார். உள்ளே போய்க் குரலை இணைப்பது பற்றி நாள் முழுக்கப் பேசினார். நான் நாள் முழுக்க அதைத் தமிழாக்கினேன். அன்றைக்குத்தான் இந்தப் பழி என் நெஞ்சில் குந்தியது, இன்னும் எழும்பவில்லை.

இனி நீ போகிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்த நாட்டில் கடலோரத்துக்கு ஒரு திணைக்களம், மீன்காரனுக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று, காணிக்கு ஒன்று, கண்டல் காட்டுக்கு ஒன்று, ஆற்றுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அமைச்சர். மாகாணம் என்று ஒன்று வேறு இருக்கிறது, அதைக் கடைசியாகத்தான் நினைப்பார்கள். கடல் இவர்களில் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவேதான் எல்லாரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட நடுவில் ஒரு பிரிவு வைத்தார்கள். அந்தப் பிரிவுக்குக் கல் போட அதிகாரமில்லை, கல்லை நிறுத்தவும் அதிகாரமில்லை. அதன் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மண் வடக்கால் வருகிறது என்று ஒரு மீன்காரன் சொன்னது வீதிக்காரனின் காதுக்குப் போயிருந்தால் கல் வேறு மாதிரி விழுந்திருக்கும். அது மட்டுமே அந்த மனிதனின் வேலை. அதை அவர் செய்யவில்லை. செய்யாததற்காகவே ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டார்கள், ஏனென்றால் அவர் வைக்கிற கூட்டங்கள் சண்டையில்லாமல் முடிகின்றன. மேலே இருப்பவர்களுக்குச் சண்டையில்லாத கூட்டம்தான் நல்ல கொள்கை.

உன்னையும் அப்படித்தான் பழக்குவார்கள். முதல் மாதம் உன்னோடு நின்று படம் எடுப்பார்கள், இரண்டாம் மாதம் "சுருக்கமா எழுதுங்கோ தம்பி" என்பார்கள். நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்கும் அந்த நாக்கு உண்டு. நீ நேசரியில் படித்தபோது ஆசிரியை உன்னைப் பற்றி முறைப்பட்டதை அப்பாவிடம் நீ எவ்வளவு இனிப்பாக மாற்றிச் சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், சிங்களத்தில் ஒருவர் சொன்னாலும் தமிழில் ஒருவர் சொன்னாலும் வலிக்கிற சொல் வலிக்கிற மாதிரியே மேலே போகட்டும். நீ வெட்டாதே.

இப்போது பழி. கரையோரத் தகவமைப்புத் திட்டத்தைத் திருத்துகிறார்கள் என்றாய், எல்லா அமைச்சுகளும் உட்காரும் முதல் கூட்டத்துக்கு அந்த மனிதன்தான் தலைமை, குறிப்பு எடுப்பது நீ என்றாய். அவரை ஏசாதே. கையை ஓங்காதே. அவரைப் பற்றி மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போடாதே, அது கோழைகளின் வேலை. நீலக் கொப்பியைத் திற. மொழிபெயர்ப்பதற்கு முன் பேசுகிறவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். என் நாக்குத்தான் பொய் சொன்னது, என் கை சொல்லவில்லை. குணம் சொன்னது முழுக்க அதில் கிடக்கிறது. எல்லாத் திணைக்களமும் உட்கார்ந்திருக்கும்போது எழும்பி அதை வாசி. தமிழில் வாசி, பிறகு சிங்களத்தில் வாசி, பிறகு ஆங்கிலத்திலும் வாசி. அவர் அன்றைய அறிக்கையில் என்ன எழுதினார் என்பதையும் பக்கத்திலேயே வாசி. இரண்டையும் கூட்டக் குறிப்பில் ஏற்று. அவருடைய பெயரோடும் பதவியோடும் ஏற்று. அந்தப் புன்னகை கழன்று விழுவதை உன் கண்ணால் பார்த்து வந்து எனக்குச் சொல். ஒரு மயிரளவும் விடாமல் சொல். எனக்கு அது வேண்டும்.

உன் அப்பா இதை வாசித்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீர் பெடியன்ர வேலையைக் கெடுக்கப் போறீர்," என்றார். "தகுதிகாண் காலம் முடியேல்லை. தூக்கி எங்கையோ மொனராகலைக்குப் போடுவாங்கள்." போடட்டும், அங்கேயும் மனிசர்தான் இருக்கிறார்கள் என்றேன். "உமக்குப் பழி வேணுமெண்டா நீரே போய் வாங்கும். பிள்ளைய ஏன் அனுப்புறீர்?" என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் கேட்டது நியாயம். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் உள்ளதை ஒரு சத்தியக் கடதாசியாக எழுதி, சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, கொப்பிக்குள் செருகியிருக்கிறேன். மொழிபெயர்ப்பைத் திரித்தது நான் என்று அதில் என் முழுப்பெயர் இருக்கிறது. அவருடைய பெயரைக் குறிப்பில் எழுதும்போது எனக்கு இரக்கப்பட்டு என் பெயரை விட்டுவிடாதே. என் பெயரை முதலில் எழுது. ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்றால் வைக்கட்டும். என்னை விட்டுவிட்டு அவரை மட்டும் பிடித்தால் நீயும் சுருக்கி எழுதியவன் ஆகிவிடுவாய்.

ஏமாற்றலாம் என்று நினைக்காதே. அந்தக் கூட்டக் குறிப்பு தமிழாக்கத்துக்குக் கச்சேரிக்கு வரும். என் கதிரையில் இப்போது இருப்பது கிண்ணியாப் பிள்ளை ரிஸ்வானா. நான் பழக்கிவிட்ட பிள்ளை, ஆனால் என்னைவிடத் திறம். முந்தநாள் அவளிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். "மிஸ், குறிப்பு வந்தா ஒரு எழுத்தும் மாத்தாம நான் தமிழாக்குவன்," என்றாள். "ஊருக்கும் ஒண்டு போகும். ஹோட்டலுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்." குணம் அதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதைக்காமலே இருக்கட்டும், அது அவனுடைய உரிமை. தான் சொன்னது கொழும்பில் ஒரு மேசையில் விழுந்தது என்று மட்டும் அவன் அறிய வேண்டும்.

கொப்பியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஐயா என்று தொடங்குவதற்கு முன்னால் ஒரு வரி இருக்கும். எழும்பியதும் அவன் என்னைப் பார்த்துச் சொன்னது. அது கூட்டத்துக்கு உரியதல்ல, ஆனாலும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அதற்கு நான் ஓம் என்று தலையாட்டியதை மண்டபமே பார்த்தது. அந்த வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்கு:

"அக்கா, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ."